இரட்டைக் கதவுக்கு இரண்டு பேர்

கார்க், அயர்லாந்து
2 நவம்பர் 2025

அன்புள்ள இசக்கிசெல்வி அவர்களுக்கு,

வணக்கம். நான் ஜானவி. திருவனந்தபுரம் ஸ்ரீவராகம் ஜானவி. கோட்டைக்குள் இருக்கிற பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு வரை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தவள். இந்த மின்னஞ்சல் முகவரியை நீங்கள் இன்னும் பார்க்கிறீர்களா என்று தெரியாது. பார்க்காவிட்டால் இதை யாரும் படிக்கப் போவதில்லை, அதுவும் ஒரு விதத்தில் சௌகரியம்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். கார்மோர் என்று ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டை நாம் ஜோடியாக ஆடினோம். நீங்கள் வாள்காரி, நான் வைத்தியக்காரி. அதை இப்போது புதுப்பித்து மறுபடி வெளியிட்டிருக்கிறார்கள். அந்தக் கம்பெனியிலிருந்து எனக்கு அறிவிப்பு வந்தது, உங்களுக்கும் வந்திருக்கும். நாம் நடந்த வழி, சேர்த்த ஆயுதம், கடைசியாக நின்ற இடம் எல்லாவற்றையும் இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறார்களாம். அந்தப் பழைய உலகம் புதிய விளையாட்டுக்குள் வர வேண்டுமானால் நாம் கூடுதல் பாகம் ஒன்றை வாங்கி அதனோடு இணைக்க வேண்டும். ஒரு ஜோடிக்கு ஒரே பாகம்தான். இருவரும் அதையே வாங்க வேண்டும். இணைத்த பிறகு மாற்ற முடியாது. டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் வாங்காதவர்களின் உலகத்தை அழித்துவிடுவார்களாம்.

மொத்தம் மூன்று பாகங்கள். 'தெற்குத் தீவுகள்' வாங்கினால் கப்பல் ஏறிப் புதிய நாட்டுக்குப் போகலாம். 'வீடும் தோட்டமும்' வாங்கினால் சண்டை கிடையாது, ஓர் ஊரில் வீடு கட்டிக்கொண்டு இருக்கலாம். மூன்றாவது, 'கதவுக்கு அப்பால்'. நாம் கடைசியாகப் போய் நின்ற இரட்டைக் கதவு நினைவிருக்கும். இருவரும் ஒரே நொடியில் அழுத்தினால்தான் திறக்கும். அதைத் திறந்த பிறகு வருகிற கதை அது.

மூன்றாவதை நான் சிபாரிசு செய்யவில்லை. மற்ற இரண்டில் எதுவானாலும் எனக்குச் சம்மதம். ஒரு வரி பதில் போட்டால் போதும். இதற்காக மட்டும்தான் எழுதுகிறேன், வேறு தொந்தரவு தர மாட்டேன்.

இப்படிக்கு,
ஜானவி


விழிஞ்ஞம்
4 நவம்பர்

ஏட்டி ஜானு,

என்னை 'நீங்கள்' என்று கூப்பிட்ட முதல் ஆள் பேங்க் மேனேஜர். இரண்டாவது ஆள் நீ. அந்த மனுஷனாவது முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

கார்க்கில் இருக்கிறேன் என்று போட்டிருக்கிறாயே, குப்பியை அடைக்கிற கார்க்கா? அப்படி ஓர் ஊர் இருப்பது எனக்குத் தெரியாது. அம்மையிடம் சொன்னேன். "யாரு, அந்த அய்யமாரு வீட்டுப் பிள்ளையா? அது இப்பம் எங்கன கெடக்கு?" என்று கேட்டாள். குப்பிக்குள்ளே என்று சொல்லிவிட்டேன்.

நான் இங்கே புதிய துறைமுகத்தில் இருக்கிறேன். க்ரேன் ஓட்டுகிறேன். ஓட்டுகிறேன் என்றால் மேலே ஏறி உட்கார்ந்து இல்லை. கரையில் ஏ.சி. போட்ட அறை, முன்னால் திரை, கையில் ஜாய்ஸ்டிக். திரையைப் பார்த்துக்கொண்டே கப்பலில் இருந்து ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கி வைக்க வேண்டும். இன்டர்வியூவில் முன் அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். கார்மோர் என்று சொல்லலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. அதுவும் இதுவும் ஒரே வேலைதான். தப்பினால் பழைய இடத்திலிருந்து மறுபடி தொடங்க முடியாது, அது ஒன்றுதான் வித்தியாசம்.

கம்பெனிக்காரன் எனக்கும் எழுதியிருந்தான். நீ எழுதுகிறாயா பார்க்கலாம் என்று இருந்தேன். எழுதாமல் இருந்திருந்தால் அழியட்டும் என்று விட்டிருப்பேன்.

எனக்குத் தீவு. கப்பல் ஏறிவிட்டால் அந்தப் பக்கம் எல்லாம் புதுசு, பழைய கணக்கு வழக்கு ஒன்றும் கிடையாது. தினமும் கப்பலைப் பார்க்கிறவளுக்கு ஒரு நாள் அதில் ஏறிப் பார்க்கக் கூடாதா? மூன்றாவதை நீ சிபாரிசு செய்யவில்லை என்று பெரிய மனுஷி மாதிரி எழுதியிருக்கிறாய். நீ செய்திருந்தாலும் நான் வாங்கியிருக்க மாட்டேன்.

இசக்கி


கார்க்
9 நவம்பர்

இசக்கி,

சரி, 'நீ' என்றே எழுதுகிறேன். நிஜமாகவே கை கூசியது, அதனால்தான் அப்படி எழுதினேன்.

நீ க்ரேன் ஓட்டுகிறாய் என்று படித்ததும் பஸ்ஸில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். எனக்கு ஒரு மருந்துக் கம்பெனியில் மாத்திரைகளைச் சோதிக்கிற வேலை. கார்மோரில் ஒரு சொட்டு மருந்தை உன் வாயில் ஊற்றினால் செத்துக் கிடக்கிற நீ எழுந்து வாளை எடுப்பாய். இங்கே ஒரு டப்பா மாத்திரை வாசலைத் தாண்டுவதற்குள் எத்தனையோ பேர் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

எதுவானாலும் சம்மதம் என்று எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தீவு வேண்டாம். அதன் விவரத்தைப் படித்தேன். கப்பலில் கால் வைத்ததும் பழைய பெயர், பழைய ஆயுதம், தழும்பு எல்லாம் போய்விடும். எல்லாம் போகுமென்றால் எதற்குக் காப்பாற்ற வேண்டும்? பேசாமல் அவர்களே அழிக்கட்டுமே.

உனக்கு நினைவிருக்கிறதா? விழுந்தால் பாதி உயிர் போகிற அந்தச் சதுப்பு நிலத்துக்கு நம் ஊர்ச் சாக்கடைக் கால்வாயின் பெயரை, ஆமையிழஞ்சான் தோடு என்று வைத்தது நீ. பாலத்தில் வழிமறித்துக் காசு கேட்கிற பூதத்துக்கு, நம் பஸ் ஸ்டாண்டை நினைத்து, தம்பானூர் ஆட்டோ என்று பெயர் வைத்தது நான். எவ்வளவு கொடுத்தாலும் அது தலையை ஆட்டும். மூலிகை விற்கிற தெருவுக்கு நம் சந்தையின் பெயர், சாலைக் கம்போளம். மற்ற ஆட்டக்காரர்கள் எல்லாம் பயங்கரமான பெயராகத் தேடி வைத்தபோது நீ உன் பெயரையே வைத்தாய். ஏனென்று கேட்டதற்கு, "இசக்கியம்மன விடப் பயங்கரமா என்னட்டி இருக்கு?" என்றாய்.

ஒரே கீபோர்டில் நான்கு கைகள். அம்புக்குறிப் பக்கம் நீ, எழுத்துப் பக்கம் நான். உன் முழங்கை என் விலாவில் இடித்தபடி இருக்கும். ஜன்னலுக்கு வெளியே கிணற்றடியில் மழை கொட்டும். அம்மா உள்ளிருந்து, "மதி பெண்களா, மதி! கண்ணு போயிடும்!" என்று கத்துவாள். அது போதும் என்கிற மலையாள மதி. நாமும் காதில் வாங்கிக்கொண்டு ஆட்டத்தை நிறுத்தமாட்டோம். எந்தச் சொல் எந்த மொழி என்று நம் வீடுகளில் யார் பார்த்தார்கள்?

அந்த வீடு போகிறது, இசக்கி. அப்பா போன பிறகு அம்மா அண்ணாவோடு பெங்களூரில் இருக்கிறாள். லாட்ஜ் கட்டுகிறவர் ஒருவருக்குப் பேசி முடித்துவிட்டார்கள். டிசம்பர் கடைசியில் நான் வந்து காலி செய்து, முப்பதாம் தேதி சாவியைக் கொடுக்க வேண்டும். சொன்னால் சிரிப்பாய், நாம் ஆடிய அந்தப் பின்கட்டு அறையை நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது. அதனால்தான் 'வீடும் தோட்டமும்' கேட்கிறேன். விளையாட்டிலாவது எனக்கு அந்த ஊரில் ஒரு வீடு இருக்கட்டும். நீ எப்போதும் போல வந்து போகலாம்.

ஜானு


விழிஞ்ஞம்
11 நவம்பர்

ஜானு,

வீடு போகிறது என்று படித்தபோது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. மாடியறை என் அப்பா பூசியது. இதை முதலில் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

'எப்போதும் போல வந்து போகலாம்' என்று எழுதியிருக்கிறாய். உன் 'வீடும் தோட்டமும்' பாகத்தின் விதிகளை நீ முழுக்கப் படிக்கவில்லை, நான் படித்தேன். ஜோடியில் ஒருத்தர் வீட்டுக்காரர், மற்றவர் விருந்தாளி. விருந்தாளி அலமாரியைத் திறக்க முடியாது. ஒரு பூச்செடி வைக்க முடியாது. தோட்டத்துப் பின்வேலியில் வந்து மணி அடிக்க வேண்டும். வீட்டுக்காரர் இஷ்டப்பட்டால் திறப்பார். இதை எழுதின ஆள் கொஞ்ச நாள் ஸ்ரீவராகத்தில் குடியிருந்தானோ என்னவோ.

உங்கள் வீட்டுக்கு நான் எத்தனை வருஷம் வந்திருப்பேன்! ஒரு நாளாவது முன்வாசல் வழியாக வந்திருக்கிறேனா, யோசித்துப் பார். கொத்தனார் மகள் பின்சந்து வழியாக வருவாள், கிணற்றடியில் கால் கழுவுவாள், பின்கட்டு அறையில் உட்கார்ந்து ஆடுவாள், வந்த வழியே போவாள். உன் அம்மா என்னை ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. தட்டு நிறைய முறுக்கு தருவார்கள். ஆனால் உங்கள் வாசலில் இரண்டு கதவு இருக்கிறதே, மேலே பித்தளைக் குமிழ் போட்டது, அதை நான் தெருவில் நின்றுதான் பார்த்திருக்கிறேன்.

நானும் உன்னோடு பின்சந்து வழியாகத்தானே வந்தேன் என்று சொல்வாய். வந்தாய். உனக்கு முன்வாசலும் இருந்தது.

இதெல்லாம் அப்போது எனக்குப் பெரிதாகத் தோன்றியதில்லை. பத்தாவது முடிந்து நாங்கள் தமிழ்நாட்டில் எங்கள் ஊரான பணகுடிக்குத் திரும்பிப் போன பிறகும், அங்கே பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் உன்னோடு ஆடியபோதும் தோன்றியதில்லை. என்றைக்குத் தோன்றியது தெரியுமா? பன்னிரண்டாவது முடிந்த அந்த ஜூன் மாதம், பஸ் பிடித்து உன்னைப் பார்க்க வந்தேனே, அன்றைக்கு. ஒரு பொட்டலம் கருப்பட்டி மிட்டாய் கையில் இருந்தது. வழக்கம் போலப் பின்பக்கம்தான் வந்தேன். உன் அம்மா கிணற்றடிக்கு வந்து, "ஜானு இங்க இல்லையாக்கும். வந்தா சொல்றேன், கேட்டயா?" என்றார்கள். படியில் உன் நீலச் செருப்பு கிடந்தது. ஒன்றின் வார் அறுந்து ஊக்குப் போட்டிருக்கும் செருப்பு. நீ வெறுங்காலோடு எங்கே போயிருப்பாய்?

பழவங்காடி வரை நடந்து, பிள்ளையார் கோயில் முன்னால் நின்றுகொண்டு அந்த மிட்டாய் முழுவதையும் நானே தின்றேன்.

எனக்குத் தீவுதான் வேண்டும்.

இசக்கி


கார்க்
12 நவம்பர்

இசக்கி,

உள்ளேதான் இருந்தேன். இல்லை என்று அம்மாவைச் சொல்லச் சொன்னது நான்தான். அவள் மேல் பழி போடாதே, அவளுக்கு ஒன்றும் தெரியாது. மாடி ஜன்னலில் நின்று நீ சந்து முனையில் திரும்புகிற வரை பார்த்தேன்.

முன்வாசல் பற்றி நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பின்சந்துதான் பள்ளிக்கூடத்திலிருந்து குறுக்கு வழி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் நினைத்துப் பார்த்ததே இல்லை. நேற்றிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் நான் கீழே இறங்கி வராததற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நீ மட்டும் அவமானப்பட்ட மாதிரி எழுதுகிறாயே, எனக்கு நீ செய்தது என்ன? மூன்று ஞாயிற்றுக்கிழமை நான் இரட்டைக் கதவின் முன்னால் நிற்கிறேன், நீ வரவில்லை. நான்காவது வாரம் வந்தாய். கெஞ்சினேன். கோயம்புத்தூர் காலேஜுக்குப் போகப் போகிறேன், கம்ப்யூட்டரை அண்ணா எடுத்துக்கொண்டு போகிறான், இன்றைக்கே கதவைத் திறந்துவிடலாம் என்று எழுதினேன். அதற்கு நீ என்ன பதில் போட்டாய்? இனிமேல் சான்ஸே கிடையாது என்று ஒரு வரி. உடனே திரையை அணைத்துவிட்டுப் போய்விட்டாய். என் வைத்தியக்காரி தனியாக அந்தக் கதவை அழுத்திக்கொண்டே நின்றாள்.

சான்ஸ் இல்லை என்று சொன்னவள் அடுத்த வாரம் எதற்கு மிட்டாயோடு வந்தாய்? ஒரு பேச்சுக்குச் சமாதானம் செய்துவிட்டுப் போகவா? எனக்குப் பதினேழு வயது. உன்னைத் தவிர எனக்கு வேறு ஒரு சிநேகிதி கிடையாது. ஒரே வரியில் என்னை வெட்டிவிட்டாய்.

ஜானவி


விழிஞ்ஞம்
13 நவம்பர்

ஏட்டி, உனக்குப் பைத்தியமா?

சான்ஸ் இல்லை என்று நான் எப்போது எழுதினேன்? செத்தாலும் எழுதியிருக்க மாட்டேன். நான் எழுதியது வேறு. என்ன எழுதினேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஆனால் நான் சொல்ல மாட்டேன். நீ சொல். சுற்றி வளைக்காமல், அர்த்தம் சொல்லாமல், அன்றைக்குத் திரையில் இருந்த எழுத்தை அப்படியே எழுது.

இசக்கி


கார்க்
16 நவம்பர்

இசக்கி,

மறக்கவே இல்லை. கண்ணை மூடினால் தெரியும். அந்தப் பேச்சுப் பெட்டி இங்கிலீஷ் எழுத்தை மட்டும்தான் ஏற்கும், அதனால் நாம் எல்லாவற்றையும் இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிப்போம். நீ அடித்தது மூன்றே சொல்.

இனி அவசரம் இல்ல.

இதை எழுதி மூன்று நாள் ஆகிறது. எழுதிவிட்டு அனுப்ப முடியாமல் அப்படியே வைத்திருந்தேன். தமிழ் எழுத்தில் அடித்துப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. இங்கிலீஷ் எழுத்தில் இருந்தவரை அது எனக்கு மலையாளமாகவே இருந்தது. மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. இனி வாய்ப்பு இல்லை. பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டி நோட்டீஸ் போர்டில் எத்தனை தடவை அந்தச் சொல்லைப் படித்திருப்போம். தமிழில் படித்தால், இனிமேல் அவசரப்பட வேண்டியதில்லை.

நீ தமிழில்தான் எழுதினாயா, இசக்கி?

ஆமாம் என்று சொல்லாதே. சொல்லாமலும் இருக்காதே.

ஜானு


விழிஞ்ஞம்
17 நவம்பர்

ஜானு,

ஆமாம்.

பணகுடியில் அப்போது நாளெல்லாம் கரண்ட் கட். மூன்று ஞாயிற்றுக்கிழமையும் நான் பிரவுசிங் சென்டர் படியில் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். நான்காவது வாரம் கரண்ட் வந்தது. அன்றைக்குக் காலையில்தான் எனக்குத் திருவனந்தபுரத்தில் பாலிடெக்னிக் ஸீட் கிடைத்த தகவலும் வந்திருந்தது. விழிஞ்ஞத்தில் சித்தி வீட்டில் தங்கிப் படிக்கலாம் என்று அப்பா சம்மதித்துவிட்டார். நீயானால் இன்றைக்கே திறக்கணும், இன்றைக்கே திறக்கணும் என்று பறக்கிறாய். நான் உன் ஊருக்கே வருகிறேன், நீ லீவுக்கு வரும்போதெல்லாம் ஆடலாம், அந்தக் கதவு எங்கேயும் ஓடிப்போகாது என்று சொல்ல நினைத்தேன். முதல் வரிதான் அடித்தேன். 'ஸீட் கிடைச்சிட்டு' என்று அடிக்கப் போகும்போது திரை கறுத்துவிட்டது. நான் அணைக்கவில்லை, கரண்ட் போய்விட்டது.

சரி, மீதியை நேரில் போய்ச் சொல்லுவோம், அவள் குதிப்பதைப் பார்க்கலாம் என்று மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்தேன்.

இரண்டு வருஷத்தில் என் நாக்கு முழுத் தமிழாகியிருந்தது, உன் காது முழு மலையாளமாகியிருந்தது. வேறே யாருக்கும் இப்படி ஒரு கோளாறு வராது. மதுரைக்காரிக்கு வராது, திருச்சூர்க்காரிக்கும் வராது. நமக்குத்தான் வரும். என் வீட்டுக்காரர் பிரஜினிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். பிறகு ஷிப்டுக்குப் போய் திரை முன்னால் உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது. சூப்பர்வைசர் ஜெபமலர் அக்கா, "எந்தா மோளே?" என்று கேட்டார். கண்ணில் தூசி என்றேன். ஏ.சி. அறையில் ஏது தூசி?

ஒன்று சொல்கிறேன், வருத்தப்பட்டாலும் பரவாயில்லை. உனக்கு இரண்டு அர்த்தமும் தெரியும், ஜானு. உங்கள் வீட்டில் 'என்ன அவசரம்' என்று தினமும் கேட்பார்கள். இரண்டில் எது வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். என்னைப் பற்றி நினைத்தபோது உனக்கு அந்த ஒன்றுதான் தோன்றியது. படித்து முடித்து இத்தனை வருஷம் இதே ஊரில் இருந்தேன். ஸ்ரீவராகம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏற மாட்டேன்.

கொஞ்ச நாள் எழுதாதே. எழுத வேண்டும் என்று தோன்றினாலும் எழுதாதே.

இசக்கி


கார்க்
7 டிசம்பர்

இசக்கி,

நீ சொன்னபடி எழுதாமல் இருந்தேன். இனியும் இருந்தால் தேதி போய்விடும்.

இரண்டில் அந்த ஒன்றை ஏன் எடுத்தேன் என்று யோசித்தேன். மூன்று வாரம் காத்திருந்த கோபம் என்று சொல்லலாம். அது மட்டும் இல்லை. பணகுடியில் உனக்குப் புதிய சிநேகிதிகள் கிடைத்திருப்பார்கள், என்னை விட்டுவிடுவாய் என்று எனக்கு எப்போதும் பயம் இருந்தது. அந்த வரியைப் பார்த்ததும், ஓகோ, நடந்துவிட்டது என்று நினைத்தேன். கீழே இறங்கி வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காதது என் தப்பு. செருப்பைப் பார்த்துவிட்டு நீ பழவங்காடி வரை நடந்த வழியை வரைபடத்தில் தேடிப் பார்த்தேன். மன்னித்துக்கொள், இசக்கி.

இப்போது பாகத்தின் விஷயம். வீடும் தோட்டமும் எனக்கு வேண்டாம். நீ வேலியில் நின்று மணி அடிக்கிற வீடு எனக்கு எதற்கு? தீவும் வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் நீ அதையே வாங்கினாலும் வாங்குவேன். என் விருப்பத்தைக் கேட்டால், மூன்றாவது. நாம் இருவருமே அதைப் பற்றிப் பேசாமல் ஒதுக்கினோம். அது ஒன்றில்தான் பெயர் போகாது, தழும்பு போகாது, யாரும் விருந்தாளி இல்லை. ஆனால் முதலில் அந்தக் கதவைத் திறந்தாக வேண்டும். இரண்டு ஊரிலிருந்து ஒரே நொடியில் அழுத்துவது கஷ்டம், அப்போதும் அதில்தானே தோற்றுக்கொண்டிருந்தோம். ஒரே கீபோர்டில் என்றால் சுலபம்.

இருபத்திரண்டாம் தேதி வந்து சேர்கிறேன். முப்பதாம் தேதி சாவியைக் கொடுக்கும் வரை ஸ்ரீவராகத்தில் தனியாகத்தான் இருப்பேன். மேஜை இன்னும் பின்கட்டு அறையில் இருக்கிறதாம். அதை முன்ஹாலுக்கு இழுத்துப் போடப் போகிறேன். வாசல் கதவைப் பற்றி அம்மாவிடம் ஃபோனில் கேட்டேன். மழையில் ஊதிப்போய் இறுகிவிட்டதாம், ஒரு ஆளால் திறக்க முடியாதாம். பின்வாசல் வழியாகப் புழங்கிக்கோ என்கிறாள். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

நீ வருவாயா?

ஜானு


விழிஞ்ஞம்
9 டிசம்பர்

ஏட்டி ஜானு,

வாங்கிவிட்டேன். மூன்றாவதை.

நேற்று ஷிப்ட் முடிந்து வந்து திறந்து பார்த்தேன். நீயும் வாங்குகிற வரை ஆட முடியாது, நின்ற இடத்தை மட்டும் காட்டுகிறான். அதே கதவு, அதே பாசி, அதே இடம். நாம் இரண்டு பேரும் அப்படியே நிற்கிறோம். உன் வைத்தியக்காரி அந்தப் பச்சைத் தொப்பியைக் கூடக் கழற்றவில்லை. என் வாள்காரிக்குப் பாதி உயிர்தான் இருக்கிறது. ஆமையிழஞ்சானில் விழுந்து வந்தவளுக்கு நீ மருந்தே கொடுக்காமல் போயிருக்கிறாய். வந்ததும் முதல் வேலையாக அதைக் கொடு.

கோபம் போய்விட்டதா என்று கேட்காதே. கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதை உன் முகத்தைப் பார்த்துத் திட்டினால்தான் தீரும், மின்னஞ்சலில் தீராது. எனக்கும் ஒரு பங்கு உண்டு. செருப்பைப் பார்த்தவள் உரக்க ஒரு சத்தம் கொடுத்திருக்கலாம். இசக்கி என்று பெயர் வைத்துக்கொண்டு பூனை மாதிரி திரும்பிப் போனேன்.

இருபத்துமூன்று எனக்கு ஓய்வு நாள். காலையில் வருகிறேன். முன்வாசலுக்குத்தான் வருவேன். தெருவே கேட்கிற மாதிரி உன்னைக் கூப்பிடுவேன். செருப்பை வாசலில் கழற்றுவேன். நீ உள்ளே இருந்து இழு, நான் வெளியே இருந்து தள்ளுகிறேன், ஊதின கதவு எப்படித் திறக்காமல் போகிறது பார்ப்போம். அது திறந்த பிறகு மற்றதைத் திறக்கலாம். கருப்பட்டி மிட்டாய் கொண்டு வருகிறேன், இந்தத் தடவை பாதி உனக்கு. மறுநாள் நீ எங்கள் வீட்டுக்கு வா. எங்கள் வீட்டுக்கு முன்னாலும் பின்னாலும் ஒரே வாசல்தான், அம்மை அதில்தான் மீன் கழுவுவாள், பார்த்து வா.

அன்றைக்குக் கரண்ட் போனதால் பாதியில் நின்ற வரியை இப்போது திருத்தி அனுப்புகிறேன்.

இனி அவசரம் உண்டு.

தமிழில் வாசி, மலையாளத்தில் வாசி, இரண்டும் சரிதான்.

இசக்கி